தொட்டில் கொக்கியில தொங்குன லேப்டாப்பு

போன மாசம் ஒரு செவ்வாக்கெழம எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பழைய லேப்டாப் ஒன்னு வாங்கணும்.

காலையில கடைக்குப் போறது, வாங்கறது, வூட்டுல குடுக்கறது, சாப்புட்டுட்டு கம்பெனிக்குப் போறது. அரை நாள் லீவே அதிகம்னு நெனச்சேன். மேனேஜர்கிட்ட, "ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன் சார்"னு வேற சொல்லி வச்சிருந்தேன்.

லேப்டாப் எனக்கு இல்ல. என் வூட்டுக்காரி சுமதிக்கு.

அவ எம்.எஸ்சி. பிசிக்ஸ், பி.எட். ரெண்டாவது புள்ள பொறக்கற வரைக்கும் இங்க விருத்தாசலத்துலயே ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருந்தா. அப்புறம் புள்ளைங்க, சமையலு, என்னையும் சேத்து டிபன் பாக்ஸுன்னு ஏழு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப சின்னவனும் ஸ்கூலுக்குப் போறான். சும்மா இருக்கப் புடிக்காம, சென்னையில ஒரு ஆன்லைன் ட்யூஷன் கம்பெனிக்கு எழுதிப் போட்டா. கூப்புட்டுட்டாங்க.

"வர்ற செவ்வாக்கெழம மூணு மணிக்கு டெமோ கிளாஸ். எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு எடுக்கற மாதிரி எடுத்துக் காட்டணும். எங்க சாஃப்ட்வேரு மொபைல்ல ஓடாது, லேப்டாப்புலதான் வரணும்"னு மெயில்.

அந்த மெயில் வந்தது ஒரு வாரத்துக்கு முன்னாடி. "லேப்டாப்ப நான் பாத்துக்கறேன்"னு அன்னைக்கே சொல்லிட்டேன். புதன்கெழம கம்பெனில லோடு. வியாழக்கெழம தலவலி. வெள்ளிக்கெழம நல்ல நாளு, ஆனா சோம்பேறித்தனம். இப்புடியே தள்ளித் தள்ளி, டெமோ அன்னைக்குக் காலையிலதான் வண்டிய எடுத்தேன்.

சுமதி அந்த ஒரு வாரமும் சும்மா இல்ல. 'நீர்மங்களின் அழுத்தம்'ங்கற பாடத்த எடுத்துக்கிட்டு வூட்டுல இருக்கற எல்லா சாமானுக்கும் நடத்திட்டா. ஒருநாள் குளிச்சிட்டு வெளிய வரேன், பிரிட்ஜப் பாத்து, "புரிஞ்சுதா? புரியாதவங்க கை தூக்குங்க"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கறா. நான் கை தூக்குனேன். மொறச்சா.

"பயமா இருக்குதுங்க"ன்னா. "பாடம் மறக்கல. ஏழு வருஷம் கழிச்சு நாலு பேரு முன்னாடி பேச வாயி வருமான்னுதான் தெரியல."

"நீ பேசறத மட்டும் பாரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்"னேன்.

எங்க வூட்டுல இது வரைக்கும் நடந்த அத்தன கூத்துக்கும் மொத வசனம் இதுதான். 'நான் பாத்துக்கறேன்.'

ஜங்ஷன் ரோட்டுல ஒரு மாடிக்கடை. பழைய லேப்டாப்புக்குன்னே இருக்கற கடை. நடத்தறவரு சலீம் பாய். பெரிய ஊரு ஆபீஸுங்கள்ல கழிச்சு வுட்ட லேப்டாப்பயெல்லாம் மொத்தமா வாங்கியாந்து, தொடச்சு, ரிப்பேர் பாத்து விக்கிறாரு. தங்கமான மனுசன். இந்தக் கதையில அவரு மேல ஒரு தப்பும் கெடையாது, இப்பவே சொல்லிடறேன்.

"யாருக்கு சார்? என்னா வேலைக்கு?"ன்னு கேட்டாரு.

நியாயமான கேள்வி. நேரா பதில் சொல்லியிருந்தா எல்லாம் நல்லா முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு, வெவரம் தெரிஞ்சவன்னு காட்டிக்கணுமே.

"ராம் எவ்ளோ பாய்? ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?"ன்னேன். முந்தின நாளு ஒரு வீடியோவுல பாத்த கேள்வி.

"எட்டு ஜிபி. எஸ்எஸ்டி போட்டிருக்கேன் சார்."

அது நல்லதா கெட்டதான்னு அந்த வீடியோவுல நான் பாக்கல. பாதியிலயே தூங்கிட்டேன். "ம்ம்... பரவால்ல"ன்னு மோவாயத் தடவுனேன்.

அடுத்தாப்புல லேப்டாப்பத் தூக்கிக் காதுகிட்ட வச்சு, வெரலால ரெண்டு தட்டு தட்டுனேன்.

என் மேல தப்பில்ல, பழக்கதோசம். நான் வேல பாக்கறது பீங்கான் கம்பெனி. கை கழுவற பேசின்தான் எங்க சரக்கு. நான் அங்க பேக்கிங் செக்சன். சூளையிலேர்ந்து வர்ற ஒவ்வொரு பேசினையும் தட்டித்தான் பாப்போம். 'டிங்'னு மணி மாதிரி கேட்டா நல்ல பீஸு. 'டொப்'புன்னா எங்கியோ விரிசல்.

லேப்டாப் 'டொப்'புன்னுச்சு.

"சார், அது பிளாஸ்டிக்கு"ன்னாரு பாய்.

"தெரியும், தெரியும்"னேன்.

அவரு பொறுமையா ஒன்னொன்னா சொன்னாரு. "பேட்டரி கொஞ்ச நேரந்தான் நிக்கும், வயரு மாட்டியே வச்சுக்கோங்க. மூடியோட கீலு லூசா இருக்குது, பாத்துத் தெறங்க. கேமரா போட்டுக் காட்டறேன், பாருங்க."

கல்லா மேல லேப்டாப்ப வச்சாரு. கீலு லூசுங்கறதால மூடி பின்னாடி சாஞ்சுக்குச்சு. கேமராவப் போட்டாரு. திரையில கடையோட சீலிங் ஃபேன் தெரிஞ்சுது. மூணு றெக்கையும் சும்மா தெளிவா சுத்துது.

"ஒங்க மூஞ்சியும் ஒரு தடவ பாத்துக்கோங்க சார்"னாரு.

"வேணாம் பாய். தூசி மொதக்கொண்டு தெரியுது. ஃபேன தொடைக்கச் சொல்லுங்க"ன்னு சிரிச்சிட்டு, பையில போட்டுக்கிட்டு எறங்கி வந்துட்டேன்.

வரும்போதே ஒரு பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வந்தேன்னா பாத்துக்கோங்க.

வூட்டுல சுமதி எல்லாத்தையும் தயாரா வச்சிருந்தா. தண்ணி பாட்டில்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் மூணு ஓட்டை. அதுல தண்ணி ஊத்துனா, மேல் ஓட்டையில மெதுவா வரும், கீழ் ஓட்டையில பீச்சி அடிக்கும். ஆழம் கூடுனா அழுத்தம் கூடும், அதான் பாடம். தண்ணி தரையில போவாம இருக்க, எங்க கம்பெனி பேசின் ஒன்ன மேசை மேல வச்சிருந்தா. மெருகுல சின்னப் புள்ளி வுழுந்துச்சுன்னு தள்ளுபடியில குடுத்தது. புடவைய இஸ்திரி போட்டுக் கட்டி, நெத்தியில பொட்டெல்லாம் அளவெடுத்து வச்சிருந்தா.

"ஒரு தடவ போட்டுப் பாத்துக்கலாங்க"ன்னு கேமராவத் தெறந்தா.

தெறந்தவ திரையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா.

"என்னா, நல்லாருக்குதா?"ன்னேன்.

"வந்து பாருங்க."

போயிப் பாத்தேன். திரையில எங்க வூடு தெரிஞ்சுது. சீலிங் கீழ இருந்துச்சு. தரை மேல இருந்துச்சு. நடுவுல என் பொண்டாட்டி வவ்வாலு மாதிரி தலைகீழா தொங்கிக்கிட்டு இருந்தா. பக்கத்துல நானும் போயித் தொங்குனேன்.

"கடையில போட்டுப் பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன். ஃபேன் நல்லா சுத்துச்சு."

சொல்லும்போதுதான் எனக்கே ஒறைச்சுது. சுத்தற ஃபேனுக்குத் தலை ஏது, காலு ஏது? நேரா இருந்தாலும் அதே ஃபேன், கவுத்துப் போட்டாலும் அதே ஃபேன்.

சுமதி பிசிக்ஸ் படிச்சவ. நான் வெளக்கமே சொல்லல, புரிஞ்சுக்கிட்டா. போன எடுத்து என் கையில குடுத்தா.

பாய்க்குப் போன் போட்டேன். பின்னாடி பாத்திரச் சத்தம், பிரியாணி மணம் போன்லயே வருது.

"அது ட்ரைவர்னு ஒரு சாஃப்ட்வேரு மாத்தணும் சார், சின்ன வேலதான். ஆனா நான் கல்யாணத்துக்காக இப்பத்தான் நெய்வேலி வந்தேன். கடைய மூடிட்டேன். நாளைக்குக் காலையில கொண்டாங்க, அஞ்சு நிமிசம்."

நாளைக்குக் காலையில கொண்டு போயி என்னா பண்றது? டெமோ இன்னைக்கு மூணு மணிக்கு.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்"னேன். ஒலகத்துல எல்லாக் கம்ப்யூட்டருக்கும் எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதுதான்.

ஆஃப் பண்ணேன். அது ஆஃப் ஆவல. 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்'னு ஒரு வட்டத்தப் போட்டு சுத்த ஆரம்பிச்சுடுச்சு. எத்தினி வருஷமா இன்டர்நெட்டப் பாக்காம கெடந்துச்சோ, பந்தியில ஒக்காந்த பசிக்காரன் மாதிரி எழுந்திருக்கவே இல்ல.

அது தின்னு முடிக்கறதுக்குள்ள தனியா மாட்டற கேமரா வாங்கியாந்துடலாம்னு வண்டிய எடுத்தேன்.

மொதக் கடையில, "வெப்கேமா? கொரோனா அப்ப வச்சிருந்தோம்ணே"ன்னான்.

ரெண்டாவது கடையில, "கொரோனா அப்பவே தீந்து போச்சு"ன்னாங்க.

மூணாவது கடைக்காரர்தான் நம்பிக்கையா உள்ள போனாரு. பெரிய அட்டப்பொட்டியோட வெளிய வந்தாரு. "சிசிடிவி இருக்குது சார். நாலு கேமரா. ராத்திரியிலயும் தெரியும். நாளைக்கு ஆளு வந்து மாட்டிக் குடுப்பாங்க"ன்னாரு.

ஒரு நிமிசம் யோசிச்சேன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்குது.

மேனேஜருக்குப் போன் போட்டு முழு நாள் லீவு சொல்லிட்டு, வெறுங்கையோட வூட்டுக்கு வந்தா அப்டேட் முடிஞ்சிருந்துச்சு. கேமராவப் போட்டோம். இப்ப இன்னும் தெளிவா தலைகீழா தெரிஞ்சா.

சுமதி மெதுவா பாட்டில எடுத்து மூலையில வச்சா.

"வுட்டுடலாங்க. இன்னொரு தடவ பாத்துக்கலாம்."

திட்டல. கோவப்படல. இன்னொரு தடவ கூப்புடமாட்டாங்கன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பத்தான் என் மூளைக்குள்ள ஒரு வெளிச்சம். கேமரா தலைகீழா காட்டுதுன்னா, லேப்டாப்பயே தலைகீழா வச்சா நேரா காட்டுமில்ல?

தூக்கிக் கவுத்துப் புடிச்சேன். திரையில இருக்கற எழுத்தும் அவளும் இப்ப ஒரே பக்கமா கவுந்திருந்தாங்க, அப்புடின்னா எதிர்ல பாக்கறவங்களுக்கு நேராத்தான் தெரிவா.

"பாத்தியா?"ன்னேன்.

"பாத்தேன். இப்புடியே ஒரு மணி நேரம் புடிச்சிக்கிட்டு நிப்பீங்களா?"

அப்பத்தான் ஹால்ல மேல பாத்தேன். சின்னவனுக்கு தொட்டில் கட்டுன கொக்கி இன்னும் சீலிங்குல இருந்துச்சு. தொட்டில் ஸ்ப்ரிங்கும் கவுறும் பரண்ல இருந்துச்சு.

பேசின் ஒன்னுகூட ஒடையாம வடநாடு வரைக்கும் வைக்கோல் சுத்தி, கவுறு கட்டி அனுப்பறவன் நான். ஒரு லேப்டாப்ப சீலிங் கொக்கியிலேர்ந்து கட்டித் தொங்கவுட முடியாதா?

ஸ்டூல் மேல ஏறி கொக்கியில ஸ்ப்ரிங்க மாட்டி, தொட்டில் கவுத்த வாயில கவ்விக்கிட்டு முடிச்சு போட்டுக்கிட்டு இருக்கேன், வாசப்படியில கமலாக்கா.

கமலாக்கா எங்களுக்கு எதுத்த வூடு. நல்லவங்க. தோச மாவு கடன் கேக்க வந்தவங்க, என்னைப் பாத்துட்டு அப்புடியே நின்னுட்டாங்க.

"என்னா தம்பி, தொட்டில் கவுறு கட்டறீங்க?"

"ஆமாக்கா"ன்னேன், கவுத்துக்கு நடுவுல.

அக்கா மூஞ்சி மலந்துச்சு. "அப்புடியா? சுமதி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவேல்ல பாரேன்."

இன்டர்வியூவத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். "யாருக்கும் சொல்லலக்கா. ரிசல்ட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கறா."

"அதுவும் சரிதான். எத்தினி நாளா?"

"ஒரு வாரமா. ரொம்ப பயந்துக்கிட்டே இருக்கறா."

"பயமென்னா? ரெண்டு பெத்தவளுக்கு"ன்னாங்க.

ரெண்டு புள்ளைய சமாளிக்கறவளுக்கு ஒரு கிளாஸ் எடுக்கறது பெருசா, அதத்தான் சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டேன். "அதத்தான்க்கா நானும் சொல்றேன்"னேன். அக்கா சிரிச்சிக்கிட்டே, மாவு கேக்கக்கூட மறந்துட்டு வேகமா போனாங்க. எதுக்கு அவ்ளோ வேகம்னு அப்ப நான் யோசிக்கல.

லேப்டாப் அடிப்பாகம் மேல, திரை கீழ. பேக்கிங் கவுத்தால குறுக்க, நெடுக்க கட்டி, சார்ஜர் வயரையும் மாட்டி தொங்கவுட்டேன். லூசு கீலு இதுக்கு வசதியாப் போச்சு, திரை தானா கீழ தொங்கிக்குச்சு. சுமதி மூஞ்சிக்கு நேரா கேமரா. அவளுக்கு மட்டும் எதிர்ல பேசறவங்க தலைகீழா தெரிவாங்க. திரைய நேராத் திருப்ப ரெண்டு மூணு பட்டன ஒன்னா அழுத்துனா போதும்னு பின்னாடி தெரிஞ்சுது. அன்னைக்குத் தெரியல.

சுமதி சுத்தி வந்து பாத்தா. "இத வச்சா நான் வேலைக்குப் போகணும்?"ன்னா. ஆனா பாட்டில எடுத்து மறுபடியும் மேசை மேல வச்சா.

மூணு மணி. ஃபோன் அடிக்கற மாதிரி ஒரு சத்தம், ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு மேடம், கண்ணாடி போட்ட ஒரு சார்.

"வணக்கம் சுமதி மேடம். நாங்க ரெண்டு பேரும் எட்டாங்கிளாஸ் பசங்கன்னு நெனச்சிக்கோங்க."

"வணக்கம்"னா. குரலு கொஞ்சம் நடுங்குச்சு.

நான் லேப்டாப்புக்குப் பின்னாடி தரையில குத்தவச்சு ஒக்காந்திருந்தேன். ஃபேன் காத்துல லேப்டாப் சுத்த ஆரம்பிச்சதால ஃபேன நிறுத்தியாச்சு. வேர்த்து ஊத்துது. மேல இருக்கற ஸ்ப்ரிங்கு அதுபாட்டுக்கு தன் வேலையக் காட்டுது. லேப்டாப் மேலயும் கீழயும் ஆடுது.

"மேடம், நீங்க ட்ராவல்ல இருக்கீங்களா?"ன்னு கேட்டாரு சார்.

"இல்ல சார், வூட்டுலதான்."

"ஓ. கப்பல்ல இருக்கற மாதிரி தெரிஞ்சுது."

நான் கவுத்த எட்டிப் புடிச்சேன். ஆட்டம் நின்னுச்சு. ஆனா லேப்டாப் மெதுவா திரும்புச்சு. அங்க அவங்க திரையில சுமதி போயி சமையக்கட்டு வந்து, கொடியில காயற துண்டு வந்து, கடைசியா பனியனோட நான் வந்திருக்கேன்.

"மேடம், அது யாரு?"

சுமதி கண்ணே சிமிட்டல. "லேப்டாப் ஸ்டாண்டு சார்."

அந்தம்மா சிரிச்சிட்டாங்க. நான் ஸ்டாண்டு மாதிரியே மூஞ்சிய வச்சிக்கிட்டு லேப்டாப்பத் திருப்பி வுட்டேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, அதுக்கப்புறம் சுமதி குரல்ல நடுக்கமே இல்ல. பாடத்த ஆரம்பிச்சா. கெணத்துல ஆழமா முங்கறப்ப காது ஏன் அடைக்குது, அணைக்கட்டு சொவரு அடியில ஏன் தடிமனா இருக்குதுன்னு ஒவ்வொன்னா கேட்டு, அந்த சார பதில் சொல்ல வச்சா. நானே முட்டியில கன்னத்த வச்சிக்கிட்டு கேக்க ஆரம்பிச்சுட்டேன். என் பேண்ட் பையில போனு உறுமிக்கிட்டே இருந்துச்சு. எடுக்கல.

நான் கேட்டதுதான் தப்பாப் போச்சு. கவனிக்க வேண்டிய முடிச்சக் கவனிக்கல.

வடநாடு வரைக்கும் அவுறாத என் முடிச்சு, எங்க வூட்டு ஹால்ல அவுந்துச்சு. லேப்டாப் ஒரு பக்கமா சரிஞ்சுது. பாஞ்சு புடிச்சேன். புடிச்சேன்ல? அதோட நிறுத்தியிருக்கலாம். பேசினப் புடிக்கற பழக்கத்துல, வாய மேல வச்சு நேராத் திருப்பிப் புடிச்சுட்டேன்.

இப்ப சுமதிக்கு அவங்க ரெண்டு பேரும் நேரா தெரிஞ்சாங்க. அவங்களுக்கு சுமதி தலைகீழா போயிட்டா.

"மேடம்"னு அந்தம்மா இழுத்தாங்க. "நீங்க... தலைகீழா இருக்கீங்க."

நான் பதறிப்போயி லேப்டாப்பத் திருப்பப் பாத்தேன். சுமதி அடிக்கொரல்ல, "அப்புடியே புடிங்க"ன்னா. கல்யாணமான பதினஞ்சு வருஷத்துல அந்தக் கொரல நான் கேட்டதில்ல. அது வூட்டுக் கொரலு இல்ல, வகுப்புக் கொரலு. அப்புடியே புடிச்சேன்.

அவ பாட்டில எடுத்தா. பேசினுக்கு மேல தூக்கிப் புடிச்சு, ஓட்டைய அடைச்சிருந்த டேப்ப ஒரே இழுப்பா இழுத்தா.

"பசங்களா, தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

எனக்குத் திரை தெரியல. ஆனா அவங்களுக்கு என்னா தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மேல பேசின் கவுந்து தொங்குது. கீழ பாட்டிலு. பாட்டில்லேர்ந்து தண்ணி பீச்சிக்கிட்டு மேல ஏறிப் போயி பேசின்ல வுழுவுது.

"மேல போவுது மேடம்"னாரு சார். குரலு நெசமாவே எட்டாங்கிளாஸ் பையன் குரலா இருந்துச்சு.

"எந்த ஓட்டையிலேர்ந்து ரொம்ப தூரம் அடிக்குது?"

"மேல இருக்கறதுலேர்ந்து. இல்ல, இல்ல, இருங்க... அது கீழ இருக்கற ஓட்டை."

"எப்புடி கண்டுபுடிச்சீங்க?"

"ஆழம் அதிகமான பக்கம் அழுத்தம் அதிகம். அதனால வேகமா அடிக்கறதுதான் அடியில இருக்கணும்."

"அவ்ளோதான் பாடம். என்னைத் தலைகீழா நிக்க வச்சாலும் தண்ணி ஏமாறாது"ன்னா.

அந்த சார் விடல. "சரி மேடம், நீங்க ஏன் தலைகீழா தெரியறீங்க?"

நான் கண்ண மூடிக்கிட்டேன்.

"சார், நம்ம கண்ணுக்குள்ள எல்லாப் பிம்பமும் தலைகீழாத்தான் விழும். மூளைதான் அத நேராக்கிக் காட்டுது. நான் இப்ப திரையிலயே தலைகீழா இருக்கறதால, ஒங்க கண்ணுக்குள்ள நேரா விழுந்திருக்கேன். இன்னைக்கு நீங்க பாத்தவங்கள்லயே ஒங்க கண்ணுக்குள்ள நேரா நின்ன ஒரே ஆளு நான்தான்."

ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச சிரிப்புல லேப்டாப்பு என் கையில அதிர்ந்துச்சு.

"சொல்லி அனுப்பறோம் மேடம். ஸ்டாண்டுக்கும் தேங்க்ஸ் சொல்லிடுங்க"ன்னு வச்சுட்டாங்க.

சுமதி நாக்காலியில பொத்துனு ஒக்காந்தா. நான் லேப்டாப்பக் கீழ வச்சேன். கை ரெண்டும் மரத்துப் போயிருந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம், சிரிக்க ஆரம்பிச்சோம், நிறுத்த முடியல.

அப்பத்தான் போன எடுத்துப் பாத்தேன். நல்லூர்லேர்ந்து என் மாமியாரு போன் மேல போன் போட்டிருக்காங்க. திருப்பிக் கூப்புட்டா எடுக்கல.

எப்புடி எடுப்பாங்க? பஸ்ஸுல வந்துக்கிட்டு இருந்தாங்க.

சாயங்காலம் ஆட்டோ வந்து வாசல்ல நின்னுச்சு. மாமியாரு எறங்குனாங்க. ஒரு கையில கட்டப்பை நெறைய மாங்கா. இன்னொரு கையில பூவு. உள்ள வந்தவங்க ஹால்ல தொங்குற தொட்டில் கவுத்தப் பாத்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு.

"மாப்ள, என்கிட்டகூட சொல்லலியே நீங்க? கமலா போன் பண்ணித்தான் எனக்குத் தெரியணுமா?"

எனக்கு ஒன்னும் புரியல. "உங்களுக்கும் சொல்லிட்டாங்களா? ரிசல்ட்டே இன்னும் வரல அத்தை"ன்னேன்.

"ரிசல்ட்டு வராமயா தொட்டில் கட்டுனீங்க?"

சுமதி என்னைப் பாத்தா. நான் கவுத்தப் பாத்தேன். காலையிலேர்ந்து நடந்ததுல அப்பத்தான் எனக்கு ஒவ்வொன்னா வெளங்குச்சு. கமலாக்காவோட வேகமும் சேத்து.

"அத்தை... அது லேப்டாப்புக்குக் கட்டுனது."

மாமியாரு கவுத்தப் பாத்தாங்க, லேப்டாப்பப் பாத்தாங்க, மக வயித்தப் பாத்தாங்க. கடைசியா என்னை ரொம்ப நேரம் பாத்தாங்க.

"நடவுக்கு வந்த ஆளுங்கள வரப்புலயே வுட்டுட்டு ஓடியாந்தேன் மாப்ள"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் மாங்காப் பையத் தூக்கி என் கையில குடுத்தாங்க. "நீங்களே தின்னுங்க. மூஞ்சியெல்லாம் வெளிறிப் போயி, ஒங்களுக்குத்தான் மசக்கை மாதிரி தெரியுது."

மறுநாளு பாய் கடையில அவரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கேமராவ சரி பண்ணிக் குடுத்துட்டாரு. "இந்த மாடல்ல கேமராவயே கவுத்துத்தான் பொருத்தியிருப்பாங்க சார். அதுக்குன்னு தனி ட்ரைவர் இருக்குது, அத போட்டா நேராயிடும்"னாரு. எங்க தெருவுல மத்த விசயத்த நேராக்கத்தான் ஒரு வாரம் ஆச்சு. மளிகக் கடைக்காரரு இப்பவும் என்னைப் பாத்தா ஒரு மாதிரி சிரிக்கிறாரு.

வெள்ளிக்கெழம மெயில் வந்துச்சு. வேலை கெடச்சிருச்சு. அடியில அந்த சார் ஒரு வரி சேத்திருந்தாரு. 'அந்தத் தலைகீழ் எஃபெக்ட் ரொம்ப அருமை. எந்த சாஃப்ட்வேர்ல பண்ணீங்க?'

சுமதி பதில் அனுப்புனா. 'கைவேலை சார்.'

அன்னைக்கு எனக்குப் பெருமை தாங்கல. லேப்டாப்ப மட்டும் நான் வாங்கியாரலன்னா இதெல்லாம் நடந்திருக்குமான்னு ஆபீஸ்ல நாலு பேருகிட்ட சொல்லிட்டேன்.

திங்கக்கெழம வூட்டுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. வேலைக்குச் சேர்ற எல்லாருக்கும் அந்தக் கம்பெனியே புது லேப்டாப் குடுக்குமாம். 

நான் கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு, "நகரு, நான் பாத்துக்கறேன்"னு பக்கத்துல போனேன்.

சுமதி பார்சலத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயி கதவத் தாப்பா போட்டுக்கிட்டா.